ஒரு போல்ட்டின் பூர்வோத்தரம்

புத்தி சற்றுத் தடம் புரண்டு நடக்கிறவனை ‘மரை கழன்றவன்’ என்று சொல்வது நம் வழக்கம். இதை முதலில் சொன்ன புண்ணியவான் பட்டறையில் கை கறுத்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். போல்ட்டின் உடம்பில் மலைப்பாதை போலச் சுற்றிச் சுற்றி ஏறும் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் மரை என்று பெயர். நட்டுக்குள்ளே அதற்கு ஜோடியாக இன்னொரு மரை இருக்கிறது. ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டிருக்கும் வரையில் குடும்பம் நடக்கும். பற்று விட்டால் எஞ்சினும் நிற்கும், மனிதனும் தெருவுக்கு வருவான்.

ஆனால் மரை கழலவும் இல்லை, தேயவும் இல்லை, பிறவியிலேயே கோணல் என்று சொல்லத்தக்க ஒரு மோட்டார் எஞ்சின் உண்டு. எம்.ஜி. டி.ஸி. என்ற சின்ன இங்கிலீஷ் கார் அது. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் என்ற ஊரில் 1945 முதல் 1949 வரையில் சுமார் 10,000 வண்டிகள் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதே அதன் கவர்ச்சியில் பாதி. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், கதவில் கையை மடக்கி வைத்துக்கொள்ள ஒரு வளைவு. இன்றைக்கும் உலகத்தின் பல மூலைகளில் இந்த வண்டியைப் பிள்ளை போல வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது பார்த்து, “உங்கள் எஞ்சினுக்கு ஒரு போல்ட்டு வாங்க வேண்டுமானால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெருமூச்சு வரும். அப்புறம் கதை வரும்.

கதை இதுதான். 1,250 ஸி.ஸி. கொள்ளளவுள்ள அந்த எஞ்சினில் ஒரு போல்ட்டு துருப்பிடித்து உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலையின் அளவைப் பார்க்கிறோம். இங்கிலாந்தின் விட்வொர்த் முறைப்படி ‘கால் அங்குலம்’ என்று பொறித்த ஸ்பானர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல் உட்காருகிறது. வண்டி இங்கிலீஷ், தலை இங்கிலீஷ். ஆகவே மரையும் இங்கிலீஷாகத்தானே இருக்கும்? தண்டின் குறுக்களவு ஏறக்குறைய 5/16 அங்குலம். அந்த அளவில் ஒரு நல்ல போல்ட்டை வாங்கி வந்து முடுக்குகிறோம். இரண்டு சுற்றுப் போகிறது, மூன்றாவது சுற்றில் இறுகுகிறது. எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இதை அழகாகச் சொல்வார்: “போகுது ஸார், ஆனா போக மாட்டேங்குது.”

விவேகி அங்கேயே நிறுத்திவிடுவான். பலசாலி ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் செருகி இன்னும் இரண்டு சுற்று விடுவான். எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. 70, 80 வருஷத்துக்கு முன்பு வார்த்தது. அதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டுமென்றால் காய்கறி வாங்குவது போல் வாங்கிவிட முடியாது. அதன் மரை பொடிப் பொடியாக உதிர்ந்து கையில் வரும். சில ரூபாய் போல்ட்டு ஒன்று, விலை மதிப்பற்ற ஒரு பொருளைப் பாழாக்கிவிட்டது.

எங்கே பிசகு? அந்த எஞ்சினில் உள்ள பெரும்பாலான போல்ட்டுகளுக்குத் தலைதான் இங்கிலீஷ், உடம்பு பிரெஞ்சு. தண்டு 8 மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி சரியாக 1 மில்லிமீட்டர். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அங்குலத்துக்கு 22 மரை உள்ள இங்கிலீஷ் நுண்மரைப் போல்ட்டானால் சீக்கிரமே முரண்டு பிடித்து நம்மை எச்சரித்துவிடும். அங்குலத்துக்கு 24 மரை உள்ள அமெரிக்கப் போல்ட்டுதான் பொல்லாதது. அதன் இடைவெளி 1.06 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு வித்தியாசம் மயிரிழை. ஐந்து சுற்றுக்குள் 0.3 மில்லிமீட்டர் சேர்ந்துவிடுகிறது. முழு விரோதியைவிட முக்கால்வாசி சிநேகிதன் ஆபத்தானவன் என்பதைக் கதை எழுதுகிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்பிலும் அப்படித்தான் என்று எனக்கு இந்த எஞ்சின் மூலமாகத் தெரிந்தது.

இங்கிலீஷ் தலையும் பிரெஞ்சு உடம்பும் எப்படி ஒட்டின என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், மரைக்கு ஜாதி என்று ஒன்று ஏற்பட்ட விதத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரையில் மரைக்கு ஜாதியே கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு தொழிலாளியும் தன் மனம் போல மரை வெட்டினார்கள். ஒரு யந்திரத்தைப் பிரித்தால் இந்த நட்டு இந்தப் போல்ட்டுக்கு என்று அடையாளம் செதுக்கி வைக்க வேண்டும். கல்யாணக் கூட்டத்தில் செருப்பு மாறிப் போகிற மாதிரி மாறிவிட்டால் அன்றைய வேலை போச்சு. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற மகா தொழிலாளி, 1800-ஐ ஒட்டிய வருஷங்களில், ஒரே சீராக மரை வெட்டும் கடைசல் யந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். பூட்டுச் செய்யும் பட்டறையில் வளர்ந்தவர் அவர். அவருடைய பட்டறை ஒரு குருகுலம். அங்கே வேலை கற்றவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த்.

விட்வொர்த் 1833-இல் மாஞ்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார். 1841-இல் ஸிவில் எஞ்சினீயர்கள் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். விஷயம் எளிது: நாடு முழுவதற்கும் ஒரே மரை வேண்டும். அதற்கு அவர் கையாண்ட யுக்தியைத்தான் நான் மெச்சுகிறேன். “என் மரைதான் உயர்ந்தது, எல்லாரும் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று அவர் கொடி பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் பெரிய பட்டறைகளிலிருந்தெல்லாம் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். மரையின் சரிவுக் கோணம் 55 பாகை. முனையும் அடியும் உருண்டையாக இருக்க வேண்டும் என்று விதித்தார். எவனுக்கும் முழுத் திருப்தி இல்லை, எவனுக்கும் முழு நஷ்டமும் இல்லை. அதனாலேயே நிலைத்தது.

கிரிமியா யுத்தத்தில் அதன் பலன் தெரிந்தது. 1855-இல் பால்டிக் கடலுக்குப் பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. மரக்கலம் கட்டிவிடலாம், நீராவி எஞ்சின்களுக்கு எங்கே போவது? ஜான் பென் என்ற எஞ்சினீயர் ஒரு ஜோடி எஞ்சினைப் பிரித்து, உறுப்பு உறுப்பாகப் பல பட்டறைகளுக்குப் பங்கிட்டு, “இதே போல் 90 செய்யுங்கள்” என்றார். 90 நாளில் 90 ஜோடி எஞ்சின்கள் சேர்ந்தன என்று பிற்காலத்தில் வியந்து எழுதினார்கள். வெவ்வேறு ஊரில் பிறந்த உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தின என்றால் அது விட்வொர்த்தின் மரை செய்த உபகாரம்.

ஆனால் ஒருவன் வீட்டு விளக்குக்குப் பக்கத்து வீட்டான் திரி போடுவானா? அமெரிக்காவில் வில்லியம் ஸெல்லர்ஸ் 1864-இல் பிலடெல்பியா நகரத்தில் எழுந்து, 55 பாகையை அளப்பது கஷ்டம், உருண்டை முனை வெட்டுவது அதைவிடக் கஷ்டம், சாதாரணத் தொழிலாளிக்கு அகப்படுகிற மரை வேண்டும் என்று வாதித்தார். 60 பாகை, தட்டை முனை. அமெரிக்கக் கடற்படை 1868-இல் ஏற்றது. வாதத்தில் நியாயம் இருந்தது. கூடவே கொஞ்சம் சுதேச அபிமானமும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. விபரீதம் என்னவென்றால், அங்குலத்துக்கு எத்தனை மரை என்ற கணக்கில் இரண்டு முறைகளும் அநேகமாக ஒன்றுதான். கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 20. அரை அங்குலத்தில் மட்டும் இங்கிலீஷுக்கு 12, அமெரிக்கனுக்கு 13. ஆக மற்ற அளவுகளில் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு போய்விடும். ஆனால் கோணம் வேறாகையால் முழுதாகப் பற்றாது. முக்கால்வாசி சிநேகிதன் என்றேனே, அதே ரகம்.

ஐரோப்பியர்கள் 1898-இல் ஜூரிச்சில் கூடி மில்லிமீட்டர் மரைக்கு ஒரு சட்டம் வகுத்தார்கள். இப்படி மூன்று ஜாதிகள். இவை மூன்றும் ஒரே தெருவில் சந்தித்த விந்தைதான் எம்.ஜி. காரின் எஞ்சின்.

கனெக்டிகட்டில் பிறந்த பெஞ்சமின் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கர் பிரான்ஸுக்குப் போய், பாரிஸை அடுத்த ஸான் டெனியில் ஆயுதத் தொழிற்சாலை வைத்தார். அவர் 1885-இல் காலமானார், கம்பெனி வளர்ந்தது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பாரிஸை நெருங்கவே, தொழிற்சாலை பறிபோய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இங்கிலாந்தில் காவெண்ட்ரி நகரத்தில் ஒரு கிளை தொடங்கி யந்திரத் துப்பாக்கிகள் செய்தார்கள். சண்டை முடிந்தது. துப்பாக்கிக்குக் கிராக்கி இல்லை, யந்திரங்கள் தூங்கின.

அதே சமயத்தில் ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸுக்கு எஞ்சின் பஞ்சம். சைக்கிள் கடையில் ஆரம்பித்துப் பிற்காலத்தில் நப்பீல்டு பிரபு ஆன அதே மாரிஸ். யுத்தத்துக்கு முன்பு அவர் அமெரிக்கா போய், டெட்ராயிட்டில் கான்டினென்டல் கம்பெனியிடம் மலிவாக எஞ்சின் வாங்க ஏற்பாடு செய்துகொண்டு வந்தார். கப்பலில் வந்த எஞ்சின்களில் ஒரு பகுதியை ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலுக்கு அனுப்பிவிட்டன. யுத்தம் முடிகிற சமயம் கான்டினென்டல் அந்த எஞ்சினைச் செய்வதையே நிறுத்திவிட்டது. மாரிஸ் அதைத் தாமே செய்துகொள்ளும் உரிமையைப் பெற்று, காவெண்ட்ரி ஹாட்ச்கிஸிடம் 1919-இல் கொடுத்தார்.

ஹாட்ச்கிஸின் மரை வெட்டும் யந்திரங்கள் பிரான்ஸ் முறைப்படி மில்லிமீட்டரில் வெட்டுபவை. அவற்றை மாற்றினால் பெருஞ்செலவு. ஆனால் இங்கிலாந்தின் கிராமத்துப் பட்டறைக்காரன் பெட்டியில் இருப்பது விட்வொர்த் ஸ்பானர். அவனைப் போய் பிரெஞ்சு ஸ்பானர் வாங்கு என்றால் மாரிஸின் காரை எவன் வாங்குவான்? யாரோ ஒரு புத்திசாலி சமரசம் செய்தான். உள்ளே போகிற மரை பிரெஞ்சாகவே இருக்கட்டும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? வெளியே தெரிகிற தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்துவிடு. ஆகவே, அமெரிக்கர் ஒருவரின் பெயர் கொண்ட பிரெஞ்சுக் கம்பெனி, இங்கிலீஷ் நகரத்தில், அமெரிக்க எஞ்சின் ஒன்றை நகல் செய்து, பிரெஞ்சு மரை வெட்டி, இங்கிலீஷ் தலை வைத்து அனுப்பியது. நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1923-இல் மாரிஸ் அந்தக் காவெண்ட்ரி தொழிற்சாலையையே வாங்கினார். தற்காலிகச் சமரசம் குடும்ப வழக்கமாயிற்று. புதுப்புது எஞ்சின்கள் வந்தன, பழைய சம்பிரதாயம் தொடர்ந்தது. 1938-இல் மாரிஸ் டென் என்ற காருக்காகப் பிறந்த 1,140 ஸி.ஸி. எஞ்சினிலும் அதே மரை. அதைக் கொஞ்சம் பெரிதாக்கி எம்.ஜி. காருக்குக் கொடுத்தார்கள். அதுதான் நாம் மேலே பார்த்த 1,250 ஸி.ஸி. எஞ்சின். அந்த வண்டியைத் திறந்தால் வேடிக்கையைப் பாருங்கள். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் காவெண்ட்ரியின் பிள்ளைகளாகையால் அவற்றில் பிரெஞ்சு மரை. அவற்றைத் தாங்குகிற சட்டத்தில் இங்கிலீஷ் மரை. ஒரே வீட்டில் இரண்டு பாஷை.

இந்தக் கார்களை யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். டி.ஸி.க்குப் பிறகு வந்த டி.டி. ரகத்தில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கே போயின. அந்த ஊர்ப் பட்டறையில் அமெரிக்க ஸ்பானர். அதில் பொறித்த எண் தலையின் அகலத்தைச் சொல்லும். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண் தலையைச் சொல்லாது, தண்டின் பருமனைச் சொல்லும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் உண்மையில் அரை அங்குலத்துக்கும் சற்று மேல், 13.3 மில்லிமீட்டர். அமெரிக்கனின் அரை அங்குல ஸ்பானர் ஏறாது. 9/16 அங்குல ஸ்பானர் வழுக்கி மூலையை மழுக்கும். அவன் இங்கிலாந்தையே சபித்திருப்பான். தலையைக் கழற்றி மரையைப் பார்த்தபின் பிரான்ஸையும் சேர்த்திருப்பான்.

யுத்தகாலத்திலேயே இந்தத் தலைவலியின் முழு அளவும் தெரிந்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பக்கார்டு கம்பெனி செய்தபோது, உறுப்புகள் மாற்றிப் போடத் தக்கனவாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கிலீஷ் மரைகளை அப்படியே வெட்டியது. அமெரிக்காவில் கிடைக்காத அந்த மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொண்டது. கூட்டாளிகள் ஒரே எதிரியோடு சண்டை போடுகிறார்கள், ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறவில்லை! கடைசியில் 1948 நவம்பர் 18-ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கானடா மூன்றும் ஒரு பொது மரைக்குக் கையெழுத்திட்டன. 60 பாகை. ஸெல்லர்ஸ் ஜெயித்துவிட்டார் என்றே சொல்லலாம். 1955-இல் புதிய எம்.ஜி. கார் வந்தபோது அதன் எஞ்சினில் இந்தப் பொது மரைதான் இருந்தது. ஹாட்ச்கிஸின் சமரசம் அதோடு விடைபெற்றது. 36 வருஷம் வாழ்ந்தது.

நமக்கும் இதில் ஒரு ஒட்டுறவு உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதன்முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் பூட்டி விற்ற ‘ஹிந்துஸ்தான் டென்’ வேறு ஒன்றும் அல்ல, மாரிஸ் டென்தான். அந்த 1,140 ஸி.ஸி. எஞ்சினின் தலையில் இங்கிலாந்தும் உடம்பில் பிரான்ஸும் நம் ரஸ்தாக்களில் ஓடின. பிறகு வந்த அம்பாஸடர், 1959 முதல் பெற்ற எஞ்சினில் 1948-இன் பொது மரை. 1990-களில் ஜப்பானின் இஸூஸு எஞ்சின் புகுந்த பிறகு மில்லிமீட்டர் மரை. 2014-இல் உற்பத்தி நின்றபோது, வெளியே பார்க்க ஒரே முகமாக இருந்த அந்தக் கார், உள்ளே ஜாதி மாறியிருந்தது. புதுப்பேட்டையில் அம்பாஸடருக்கு என்று போல்ட்டு கேட்டால் “எந்த எஞ்சின்?” என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரரிடம் நம்பி வாங்கலாம்.

எம்.ஜி. காருக்கு வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. 8 மில்லிமீட்டர் என்றால் இன்று கடைகளில் எடுத்துக் கொடுக்கும் போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். அது ஆகாது. ரம்பப் பல் போல இலை இலையாக விரியும் மரை அளவுகோலை வைத்து, பழைய போல்ட்டின் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் இலை வெளிச்சம் தெரியாமல் உட்காருகிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். 1 மில்லிமீட்டர் மரையோடு புதுப் போல்ட்டுகள் தேடினால் கிடைக்கும். ஆனால் அவற்றின் தலை 13 மில்லிமீட்டர். பழையதற்கும் புதியதற்கும் 0.3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். “இருந்தால் என்ன, எஞ்சினுக்கா தெரியப்போகிறது?” என்பார்கள் சிலர். எஞ்சினுக்குத் தெரியாது. பத்து வருஷம் கழித்து அதைக் கழற்ற வருகிறவன், மற்ற போல்ட்டுகளுக்குப் போட்ட விட்வொர்த் ஸ்பானரையே இதற்கும் போடுவான். ஏறக்குறையப் பொருந்தும். பலமாக இழுத்ததும் மூலை மழுங்கும். அவனுக்காகவாவது விட்வொர்த் தலையோடு இன்றும் கடைந்து தருகிற சிறு பட்டறைகள் இங்கிலாந்தில் இருக்கின்றனவே, அவற்றுக்கு எழுதி வரவழைப்பது நல்லது. செலவுதான். வண்டியை வைத்திருப்பதே செலவுதானே.

பலத்தையும் பார்க்க வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும், அதில் 80 சதவிகிதம் வரையில் இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்று பொருள். அப்படிப்பட்ட 8 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்று இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். எண் எதுவும் இல்லாத சாதா போல்ட்டு அதில் பாதி தாங்கினால் அதிகம். துருப்பிடிக்காது, பளபளக்கும் என்று எவர்சில்வர் போல்ட்டைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்குப் பலம் குறைவு. தவிர மரையோடு மரை உரசிப் பற்றிக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எஞ்சினுக்குள் அது வேண்டாம்.

போல்ட்டு என்பது ஆணி அல்ல. அது ஒரு வில். முடுக்கும்போது இம்மியளவு நீள்கிறது; திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த வேகம்தான் இரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுக்க இழுக்க எதிர்ப்பு அதே வீதத்தில் ஏறும் என்பதை ராபர்ட் ஹூக் 1678-இலேயே எழுதி வைத்துவிட்டார். நாம் ஸ்பானரில் போடும் பலத்தில் 100-க்குச் சுமார் 10 பங்குதான் இந்த நீட்டலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வு தின்றுவிடும். அதனால் மரையில் எண்ணெய் தடவியிருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பது பெரிய விஷயம். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரையில் போட்டால் போல்ட்டு அளவு மீறி நீண்டு, திரும்பச் சுருங்காமலே போய்விடும்.

பழைய துவாரத்தை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அடி மூடின துவாரத்தில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது போல்ட்டை முடுக்கினால், வெளியேற வழியில்லாத எண்ணெய் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். புதுப் போல்ட்டை விரலாலேயே திருக வேண்டும். குறைந்தது ஆறு சுற்று விரலுக்கு இணங்கி ஓட வேண்டும். இணங்காவிட்டால் வெளியே எடுத்து மறுபடி மரை அளவுகோலைப் பார்க்க வேண்டுமே தவிர, ஸ்பானரை எடுக்கக் கூடாது. ஸிலிண்டர் மூடியானால் நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் மாறி மாறி, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். வண்டியை ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறி, ராத்திரி முழுவதும் ஆறின பிறகு, மறுநாள் காலையில் அதே வரிசையில் மறுபடி ஒரு தடவை சோதிக்க வேண்டும்.